ஒரு பஸ் தூரத்தில் இருந்த எதிராளி

அந்தச் சிறு புத்தகத்தை என்னிடம் முதலில் காட்டியவர் எங்கள் ஷெட்டில் கிரேன் ஓட்டுபவர். துறைமுகத்தில் நான் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் குறித்துக்கொள்வது என் வேலை. மதியச் சாப்பாடு முடிந்து டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து காக்கிச் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த புத்தகம் ஒன்றை எடுத்து மேஜைமேல் போட்டார்.

"இன்னா நைனா, இதுல ஒரு ஆளு வர்றான். உன்னியாட்டமே ஹார்பர்ல வேல. உன்னியாட்டமே வவுத்துல புண்ணு வெடிச்சு ஆஸ்பத்திரில படுத்துகினு கீறான். படிக்கப் படிக்க எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"எங்கே கிடைத்தது?" என்று கேட்டேன்.

"தண்டையார்பேட்டை பகுத்தறிவு மீட்டிங்ல வித்துகினு இருந்தாங்கோ. நம்ம பய ஒருத்தன் வாங்கியாந்தான்."

பதினொன்றாம் பக்கத்தில் என் வாக்கியங்கள் இருந்தன. அச்சில் பார்த்தபோது முதல் சில விநாடிகள், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் எந்த வாக்கியங்கள் என்று உறைத்தது. கிரேன்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதானா அது" என்றார். பிறகு, கோபமில்லாமல், ஆனால் விளையாட்டும் இல்லாமல், "மாதா காப்பாத்திச்சு, பொண்ணு ஜபம் பண்ணிச்சு, இல்ல பண்ணலன்னு இம்மாம் பக்கம் எழுதிகீறியே நைனா. நான் குடுத்த ரத்தம் இன்னா ஆச்சு? அதுக்கு ஒரு வரி இல்லியா?"

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் எனக்கு வயிற்றில் அறுவை நடந்தபோது ரத்தம் கொடுத்தவர்களில் அவர் ஒருவர். ரம்ஜான் நோன்பு முடிந்து மூன்றாம் நாள் வந்து கையை நீட்டிப் படுத்தவர். உன் உடம்பில் ஓடுவது என் ரத்தம் என்று அவ்வப்போது தமாஷ் செய்வார். அவரைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

இதற்கெல்லாம் தொடக்கம் அந்த அறுவைதான். ஒன்பது நாள் நான் பிழைப்பேனா என்று தெரியாமல் கிடந்தேன். என் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருந்தாள். எங்களுக்கு ஒரே பெண். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. "ஒம்போது நாளும் சாயங்காலம் கோயிலுக்குப் போயி மாதா நவநாள் ஜெபத்தச் சொல்லு. உங்கப்பாவ நீதான் கேட்டு வாங்கணும்" என்று மனைவி அவளிடம் சொல்லியிருக்கிறாள். ஒன்பதாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மனைவிக்கு அதன்பிறகு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. எனக்கும்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் மாதா திருநாளுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஆள் உயர மெழுகுதிரி ஒன்று போகும். வேண்டுதல் யாரால் பலித்ததோ அவர் உயரத்துக்குத் திரி செய்து காணிக்கையாகக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மனைவி ஒரு நூலை எடுத்து, மகளைச் சுவரோரம் நிற்க வைத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளந்து, முடிச்சுப் போட்டு, கோயில் பக்கத்தில் மெழுகுதிரி செய்பவரிடம் கொடுத்துவிட்டு வருவாள். ஆண்டுக்கு ஆண்டு முடிச்சு தள்ளிப் போகும். மகள் அந்தத் திரியை ஏந்திக்கொண்டு முன்னால் நடப்பாள். அதோடு ஒரு நன்றிச் சீட்டும் உண்டு. கோயில் வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டால், நவநாளின்போது குருவானவர் பிரசங்க மேடையிலிருந்து வாசிப்பார். 'மகளின் ஒன்பது நாள் ஜெபத்தால் உயிர் பிழைத்த தகப்பனுக்காக மாதாவுக்கு நன்றி.' பெயர் போடுவதில்லை. ஆனால் எங்கள் தெருவில் யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை.

புத்தகம் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாத இதழில், ஜெபம் நோயைத் தீர்க்குமா என்று வாசகர்களைக் கேட்டு ஒரு விவாதப் பகுதி தொடங்கினார்கள். தீர்க்கும் என்று எழுதினேன். என் கதையையே சான்றாகச் சொன்னேன். துறைமுக அலுவலகத்தில் தெரிந்தால் கேலி செய்வார்கள் என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டேன். அந்தப் பெயரை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. அடுத்த மாதம் ஒருவர் எனக்கு மறுப்பு எழுதியிருந்தார். அவரும் புனைபெயரில்தான். 'ஒரே வார்டில் அதே நோயோடு படுத்திருந்து இறந்துபோனவருக்கு மகள் இல்லையா? அவள் ஜெபிக்கவில்லையா?' என்று கேட்டிருந்தார். எனக்குத் தூக்கம் போயிற்று. பதில் எழுதினேன். அவர் அதற்குப் பதில் எழுதினார். நான்கு இதழுக்குப் பிறகு ஆசிரியர் விவாதத்தை முடித்துவிட்டு, விருப்பமிருந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் முகவரியை மற்றவருக்குக் கொடுத்தார்.

அவருடைய முகவரி திருவொற்றியூரில் ஒரு படிப்பகம். நான் இருக்கும் ராயபுரத்திலிருந்து ஒரே பஸ். ஆனாலும் ஒருநாள்கூட நான் போய்ப் பார்க்கவில்லை. ஒரு பஸ் தூரத்தில் இருந்த மனிதருக்குத் தபால் தலை ஒட்டி எழுதிக்கொண்டிருந்தேன். நேரில் பார்த்துவிட்டால் அப்படி எழுத முடியாது என்று எனக்கே உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். முகம் தெரியாதவரை எவ்வளவு வேண்டுமானாலும் குத்தலாம். அவர் இருமுவதோ, தண்ணீர் கேட்பதோ, மகனைக் கூப்பிடுவதோ கடிதத்தில் வராது.

அவர் கடிதம் வரும் நாளில் நான் வேறு ஆளாக இருந்தேன். துறைமுகத்தில் என்னிடம் எல்லோரும் கேட்பது எத்தனை மூட்டை, எத்தனை கிழிசல் என்பதுதான். வீட்டில் கேட்பது மண்ணெண்ணெய் வந்ததா என்பது. இந்த ஒருவர்தான் நான் எழுதிய வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதி, 'நீங்கள் மூன்றாம் பக்கத்தில் சொன்னது' என்று தொடங்குவார். என்னை அவ்வளவு கவனமாக அதற்குமுன் யாரும் படித்ததில்லை. அவரை ஜெயிக்க வேண்டும் என்றிருந்தது. அதைவிட, அவர் என்னை மதிக்க வேண்டும் என்றிருந்தது. விசுவாசத்தைக் காப்பாற்ற எழுதுகிறேன் என்றுதான் மனைவியிடம் சொல்லிக்கொண்டேன்.

இதழில் வந்த என் கடிதம் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து வீட்டில் உரக்க வாசித்தேன். மனைவி மீன் ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். 'என் மகள் முழந்தாளிட்ட ஒன்பது மாலைகள்' என்ற இடம் வந்தபோது மகள் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அன்று மாலை கடற்கரை ரோட்டுக்குக் கிளம்பியபோது அவளும் வந்தாள். கருங்கல் கொட்டிக் கரையைக் கட்டியிருக்கும் இடத்துக்கு வந்ததும் நின்றாள்.

"அப்பா, அத இனிமே எழுதாதீங்க."

"ஏம்மா?"

"நான் கோயிலுக்குப் போகல."

எனக்குப் புரியவில்லை. அவள் கல்லைக் காட்டினாள்.

"இங்கதான் உக்காந்திருந்தேன், ஒம்போது நாளும். உள்ள போனா கேக்கணும். கேட்டு, அவங்க குடுக்கலைன்னா? அந்தப் பயத்துல போகவேயில்ல. வர்ற போட்டெல்லாம் எண்ணிகினு இருந்தேன். கோயில் மணி அடிச்சதும் வூட்டுக்குப் போயிடுவேன். அம்மா வந்து கேட்டப்ப ஆமான்னு சொல்லிட்டேன். அப்புறம் நீங்க பொழச்சிட்டீங்க. எப்டி மாத்திச் சொல்றது? வருசா வருசம் அந்தத் திரியத் தூக்கிகினு நடக்கறப்ப எனக்குக் காலு கூசுது."

பதினெட்டு வயதுப் பெண், முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"அம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாதுப்பா. அம்மாவுக்கு அது ஒண்ணுதான் கீது."

"தெரியாது" என்றேன். அவள் தலையில் கைவைத்துச் சொன்னேன். முதலில் என் மனதில் வந்தது ஒரு சின்ன வருத்தம்: இவள் எனக்காக ஒருநாள்கூட ஜெபிக்கவில்லையா? அந்த வருத்தம் போக ஒரு வாரம் ஆயிற்று. போன பிறகு அவள் சொன்னதன் ஆழம் தெரிந்தது. ஆனால் அதற்குள் பேச்சு பழசாகிவிட்டது என்று நினைத்து அவளிடம் திரும்ப எதுவும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்துத் திருவொற்றியூர்க்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'உங்களைப் போன்ற நம்பிக்கையாளர்களிடம் நான் காணும் குறை ஒன்றுதான். தங்களுக்குச் சாதகமான சாட்சியை மட்டுமே சொல்வீர்கள். எதிரான சாட்சி வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் வெளியே விடமாட்டீர்கள்' என்று எழுதியிருந்தார். அவர் பொதுவாகத்தான் எழுதினார். எனக்கோ, என் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு எழுதியது போலச் சுட்டது. அன்று மதியம் சாப்பிடாமல் ஐந்து பக்கம் எழுதினேன். மகள் சொன்னது எல்லாவற்றையும் எழுதினேன். கல், படகு, மணி, திரி, எதையும் விடவில்லை. முடிவில், 'கேட்டால் மறுக்கப்படுமோ என்று ஒரு குழந்தை ஒன்பது நாள் வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாளே, அந்தப் பயத்தைவிடப் பெரிய ஜெபம் எது?' என்று கேட்டேன். அந்த வரி எழுதியதும் பேனாவைக் கீழே வைத்து நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன். துறைமுக வாசலில் இருக்கும் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தபோது, வெயில்கூட இதமாக இருந்தது.

பதில் வரவில்லை. அவர் தோற்றுப்போனார் என்று முடிவு கட்டினேன். புத்தகம்தான் வந்தது.

கிரேன்காரர் காட்டிய அன்றே அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருவொற்றியூர் பஸ் ஏறினேன். அந்த மனிதரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். துரோகி என்ற சொல்லை எங்கே வைப்பது என்றுகூட யோசித்தேன். படிப்பகத்தில் கேட்டதும், "அவரா, ஷிப்டு முடிஞ்சு வூட்ல இருப்பாரு" என்று பக்கத்துச் சந்தைக் காட்டினார்கள்.

அவர் மணலியில் ஒரு உரத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். என் வயதுதான். வெளுத்த பனியனோடு கதவைத் திறந்தார். புனைபெயரைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க சார், வாங்க. கையெழுத்த வெச்சு உங்கள ஒல்லியான ஆளுன்னு நெனச்சுகினு இருந்தேன். உக்காருங்க."

நான் உட்காரவில்லை. புத்தகத்தை நீட்டினேன்.

"தனியா எழுதின லெட்டர எப்படி சார் அச்சுல போட்டீங்க? என் பொண்ணு விஷயம் அது."

அவர் உள்ளே போய் ஒரு பைலை எடுத்து வந்தார். என் கடிதங்கள் எல்லாம் தேதிவாரியாகத் துளையிட்டு நாடா கோத்து இருந்தன. கடைசிக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

கையெழுத்துக்கு மேலே, அடிக்கோடிட்டு, என் கையால் எழுதியிருந்தது: 'தைரியமிருந்தால் இதை அச்சிடுங்கள்.'

நான் அதை எழுதியதே எனக்கு நினைவில்லை. இன்றுவரை, எழுதிய அந்தக் கணம் நினைவுக்கு வரவில்லை. ஆனால் அது என் கையெழுத்துதான். 'அ' போடும்போது நான் விடும் சுழி அதில் இருந்தது.

"பேரு போடல சார். தெரு போடல. ஹார்பர்னு ஒரு வார்த்த நின்னுபோச்சு, அத நான் பாத்து எடுத்திருக்கணும். அது என் தப்பு" என்றார். "உங்க கட்சிக்கு நல்ல வாதம்தானே அது. முழுசாப் போட்டேன். ஒரு எழுத்து வெட்டல."

அப்போது அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தார். நெற்றி நிறையத் திருநீறு. அந்த அம்மா உள்ளே திரும்பியபோதுதான் சுவரைப் பார்த்தேன். முருகன் படம். புதுக் கனகாம்பரம். கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது.

"ரெண்டு வருஷமா எழுதறீங்களே, உங்க வீட்ல இது இருக்குன்னு ஒரு வரி எழுதினீங்களா?"

அவர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். என் கேள்வி அவருக்குப் புரிய நேரமாயிற்று.

"அது அவங்களோடது சார்" என்றார். "அவங்களக் கேக்காம நான் எப்டி எழுதறது?"

குத்திக் காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். மோரைக் குடித்தேன். விற்காமல் மீந்த புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, சணல் கயிற்றால் கட்டி, "எடுத்துகினு போங்க சார், இனிமே விக்கல" என்று கொடுத்தார். பஸ் ஸ்டாப் வரை தூக்கிக்கொண்டு வந்து ஏற்றியும் விட்டார். அவரை வெறுக்கத்தான் போயிருந்தேன். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

யாரோ சொல்லி மகள் தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அவள் மாலையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவாள். அந்த மாடிப்படிக்குக் கீழே காத்திருந்தேன். இறங்கி வந்தவள் என் கையில் இருந்த கட்டைப் பார்த்தாள். ஒரு பிரதியை உருவிப் பதினொன்றாம் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். கடை வெளிச்சத்தில் நின்றபடியே படித்தாள். சின்ன வயதில் படிப்பது போல உதடு அசைந்தது.

"யாருப்பா, இதப் போட்டவரு?"

"தெரியாதவர்மா. கடிதத்துல பழக்கம்."

"தெரியாதவருகிட்டயா சொன்னீங்க?" புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "சாமியார்கிட்ட சொல்லியிருந்தாக்கூட வெளிய வந்திருக்காதே" என்றாள்.

உண்மைதான். மாதாமாதம் முதல் வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்பவன் நான். அங்கே சொல்வது குருவானவரைத் தாண்டி ஒரு காதுக்கும் போகாது. அவரிடம் இதைச் சொல்லவில்லை. இது என் பாவம் இல்லையே என்று நினைத்திருந்தேன்.

அவள் பக்கத்தின் அடியில் விரலை வைத்தாள். "இது நல்லா எழுதியிருக்கீங்க. அந்தப் பயத்தவிடப் பெரிய ஜெபம் எதுன்னு."

கேலி செய்கிறாளா என்று பார்த்தேன். இல்லை. நிஜமாகவே சொன்னாள்.

"இத என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா. அஞ்சு வருசமா நான் பாவம் பண்ணிட்டேன்னு நெனச்சுகினு இருந்தேன்."

புத்தகத்தை மூடி என்னிடமே கொடுத்துவிட்டு நடந்தாள். நான் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

வீட்டுக்குப் போனதும் அவளே அம்மாவிடம் எல்லாவற்றையும், புத்தகம் வரைக்கும், சொன்னாள். நான் வாசலில் நின்றேன். மனைவி முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஒம்போது நாளுமா?"

"ஒம்போது நாளும்மா."

மனைவி மறுபடியும் கல் பொறுக்கத் தொடங்கினாள். பொறுக்கிய அரிசியிலேயே திரும்பத் திரும்பக் கை போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஒரு வருஷமா."

"ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டுட்டு, வூட்ல மட்டும் வாய மூடிகினு இருந்தீங்க."

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை. இப்போது எட்டு மாதம் ஆகிறது. திருவொற்றியூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரிக்கவில்லை. புத்தகக் கட்டு அலுவலக அலமாரியில் இருக்கிறது. கிரேன்காரர் பழையபடி "இன்னா நைனா" என்கிறார், ஆனால் ரத்தத்தைப் பற்றி அதன்பிறகு தமாஷ் செய்வதில்லை. மகளுக்கு மணலியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருக்கிறது. பஸ் தாமதமானால் வாசலில் நிற்கிறேன். முகம் வாடி வந்தால் என்னம்மா என்று கேட்கிறேன். "ஒண்ணுமில்லப்பா" என்கிறாள். மரியாதையாகத்தான் சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு சொல். இனி அவளுக்கு என்ன வந்தாலும் எனக்குக் கடைசியாகத்தான் தெரியும் என்பதை நினைத்தால் வயிற்றில் பழைய இடத்திலேயே வலிப்பது போல இருக்கிறது.

அந்த ஆண்டுத் திருநாள், மகள் அம்மாவிடம் சொன்னதற்கு மூன்றாவது வாரம் வந்தது. கோயிலில் கொடி ஏறிவிட்டது. மனைவி நன்றிச் சீட்டு எழுதச் சொல்லவில்லை. திரி கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் நூல்கண்டோடு வந்தாள்.

"நில்லுங்க. பொழச்சது நீங்கதானே" என்றாள்.

மகள் நிற்கும் அதே சுவரோரம் நின்றேன். மனைவி எட்டி என் உச்சந்தலையில் நூலை வைத்தாள். மறுமுனையைப் பிடிக்க மகளைக் கூப்பிட்டாள். மகள் வந்து, குனிந்து, நூலை இழுத்து என் குதிகாலில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். மனைவி முடிச்சுப் போடும்வரை அசையாமல் நின்றேன். மகள் நிமிரவில்லை.